பாய்க்குப் பின்னால் நடந்த கிட்டார்

கிளாத்தித்துறைப் பட்டணம், கடற்கரைக் கீழத் தெருவில், தோணியை நடத்துகிற தண்டலாக இருந்து காலஞ்சென்ற சவேரி தல்மேதா அவர்களின் இளைய குமாரராகப் பிறந்து, ஆசான் என்று எவரையும் வணங்காமல் தன் காதையே ஆசானாகக் கொண்டு கிட்டார் பயின்று, எழுபத்திரண்டு வயது நிரம்பி எழுபத்து மூன்றில் நடந்துகொண்டிருந்த திருவாளர் லூக்காஸ் எஸ்தாக்கி தல்மேதா, தை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் தன் வீட்டு மாடியறையில் அமர்ந்து கிட்டாரின் மெல்லிய நரம்பை மீட்டியபோது, ஒலிபெருக்கியிலிருந்து ஒரு கூட்டம் வயலின்களின் ஓசையும், அந்த ஓசையோடு கூடவே ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடியும் வந்து விழுந்தன.

பொடியைக் கண்டு அவர் வியக்கவில்லை. நன்றாக வாசித்தால் வரவேண்டியது வரும் என்பது அவருடைய நெடுநாளைய எண்ணம். அவர் வியந்ததெல்லாம் இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதற்காகத்தான்.

கப்பலில் வேலை பார்த்த அவருடைய மகன் போன வருடம் விடுப்பில் வந்தபோது ஒரு கணினியையும், கைக்கடக்கமான ஒரு பெட்டியையும் கொண்டுவந்து மாடியில் வைத்து, கிட்டாரின் வயரை இதில் செருகினால் மீட்டுகிற சுரம் எதுவென்று கணினி கண்டுகொள்ளும், கண்டுகொண்டு அதே சுரத்தைக் குழலாகவோ வயலினாகவோ மணியாகவோ திருப்பிச் சொல்லும், நீங்கள் ஒருவரே ஒரு கச்சேரிக் கூட்டமாகிப் பாட்டுப் பதிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். தல்மேதா பழைய தோணிப் பாய்களை நான்கு சுவரிலும் தொங்கவிட்டு அறையின் எதிரொலியைக் கொன்றார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். குழல் என்று கேட்டால் குழலின் சட்டையைப் போட்டுக்கொண்ட கிட்டார் வந்தது. வயலின் என்று கேட்டால் வயலினின் மீசையை ஒட்டிக்கொண்ட கிட்டார் வந்தது.

பிழை கணினியுடையது அன்று, தன் கையுடையது என்று அவர் கண்டுபிடித்தது மழைக்காலம் முடிகிற சமயத்தில். குழலுக்கு ஒரே வாய். ஆறு நரம்பையும் ஒருசேர வருடினால் அது எந்த வாயால் பேசும்? தடித்த கயிறு விறைப்பதற்கு நேரமாகும் என்பது தண்டல் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாததா? தடித்த நரம்பின் சுரத்தையும் கணினி தாமதமாகத்தான் கண்டுகொண்டது. ஆகவே அவர் மெல்லிய நரம்பிலேயே வாசித்து, கீழ்ச் சுரம் வேண்டியபோது கணினியையே இறக்கிக்கொள்ளச் சொன்னார். விரல் தவறிப் பக்கத்து நரம்பில் பட்டாலும் அது ஒரு பொய்ச்சுரமாக முளைத்தது. அதற்காகத் தம் மனைவி எமரென்சியாவின் தலை ரிப்பனை வாங்கிக் கிட்டாரின் கழுத்தில் சுற்றி, பேசக்கூடாத நரம்புகளின் வாயைக் கட்டினார். வயலின் வாசிக்கும்போது வில் திரும்புகிற இடத்தில் தாமும் மணிக்கட்டைத் திருப்பினார். இவ்வாறு கிட்டார்க்காரர் என்கிற அகந்தையை நரம்பு நரம்பாகக் கழற்றி வைத்துவிட்டு, வயலின்காரரின் அகந்தையை எடுத்து அணிந்துகொண்ட அன்றுதான் பொடி விழுந்தது.

மறுநாள் துடைப்பமும் முறமுமாக எமரென்சியா மாடிப்படியில் நின்றாள்.

"என்னங்க, மேல கரையான் பிடிச்சிருக்கா? வார வார வெள்ளையா வருது."

"கரையான் இல்ல. நான் வாசிச்சது."

"நீங்க என்ன வேணும்னாலும் வாசிங்க. பொடி விழுற வாத்தியம்னா கீழ சாக்க விரிச்சிட்டு வாசிங்க. தினம் மாடி கூட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போகுது."

அந்த முறத்தை வாசலில் தட்டியபோது அவ்வழியே போன படகுத் தச்சர், ஓடாவி சூசைமாணிக்கம், நின்று குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து மோந்தார், நாக்கில் வைத்தார், விரலிடுக்கில் தேய்த்து வெயிலில் பார்த்தார்.

"அண்ணே, இது குங்கிலியம்லா. நயம் சரக்கு. எங்க வாங்குனீரு?"

"வாங்கல. வாசிச்சேன்."

ஓடாவி, மீன் விலை கேட்டவர்போலத் தலையை அசைத்தார். "அப்ப நாளைக்கும் வாசிப்பீரா? ஒரு வத்தை ஒழுகிக்கிட்டுக் கெடக்கு என் கையில."

வயலின் வில்லுக்குத் தடவுகிற பொருளும், மரக்கலத்தின் இடுக்கடைக்க எண்ணெயில் காய்ச்சுகிற பொருளும் மரத்துப் பிசின்தான் என்பதை அறிந்த ஊர் ஆகையால், கிளாத்தித்துறை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வத்தைப் படகு அடைபட்டது. ஒரு சொட்டு நீர் ஏறவில்லை. அடுத்த வாரம் கீழத் தெரு வாசலில் சட்டியோடும் சாக்கோடும் ஆட்கள் நின்றார்கள். விரைவான பாட்டில் விழுகிற பிசின் கட்டி கட்டியாக இருக்கிறது, இழுத்து வாசிக்கிற பாட்டில் விழுவது மாவாக இருக்கிறது என்று ஓடாவிகள் கண்டு, "துக்கப் பாட்டாப் போடுங்கண்ணே, அதுதான் இறுக்கிப் பிடிக்கும்" என்று மாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள். கலியாணப் பாட்டுக் குங்கிலியத்தால் அடைத்த படகு கடலில் நிலையில்லாமல் ஆடுகிறது என்றும் ஒரு பேச்சு இருந்தது. குழல் வாசித்த நாட்களில் மாடிச் சன்னல் வழியே இளங்காற்று இறங்கித் தெருவோடு போயிற்று; பெண்கள் கருவாட்டுப் பாயை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, இன்றைக்குக் கீழத் தெரு, நாளைக்கு நடுத்தெரு என்று முறை வைத்தார்கள். பங்குச் சாமியாரும் ஒருநாள் வந்து கேட்டு, தரையில் கிடந்ததில் ஒரு பிடி எடுத்துத் தூபக்கலசத்துக்கென்று கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். அன்று மாலைப் பூசையில் புகை வழக்கம்போலவே மணத்தது.

தல்மேதா தெருவில் நடந்தபோது நெஞ்சு ஒரு விரற்கடை முன்னால் நடந்தது. மறைப்பானேன், அது அவருக்கு உரியதே.

ஆயினும் அவர் விரும்பிய மரியாதை இதுவன்று. அது வேறிடத்தில் இருந்தது. தோணி மாதா சப்பரத்தின் பாய்க்குப் பின்னால் இருந்தது.

அதைச் சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் மாலத்தீவிலிருந்து திரும்பிய தோணி ஒன்று, காற்றுச் செத்த சித்திரை மாதத்தில், நடுக்கடலில், குடிநீரும் தீர்ந்து கிடந்தது. அப்போது அதிலிருந்த சங்கு ஊதுகிறவர் பாய்க்குப் பின்னால் நின்று மாதாவை நினைத்து ஊதினார், ஊதிய மூச்சிலே பாய் நிறைந்தது, நிறைந்த பாயிலே தோணி கரை கண்டது. அன்று முதல் கிளாத்தித்துறையின் சப்பரம் தோணி வடிவில் செய்யப்பட்டு, நடுவில் மெய்யான பாய் கட்டப்பட்டு, மே மாத முதல் சனிக்கிழமை ஊரைச் சுற்றி வருகிறது. பிற ஊர்களில் சப்பரத்துக்கு முன்னால் நடப்பது பெருமை. இங்கே பின்னால் நடப்பதுதான் பெருமை. ஏனென்றால் காற்று பாய்க்குப் பின்னாலிருந்துதான் வரவேண்டும். ஊதுகிற வாத்தியம் பாயை ஒட்டி நடக்கும். அதன் பிறகு ஊர்த்தலைவர், அதன் பிறகு ஆண்கள், அதன் பிறகு மெழுகுதிரிப் பெண்கள். கையால் தட்டுகிறதும் மீட்டுகிறதுமான வாத்தியங்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில், கடலை வண்டிக்காரனுக்குச் சற்று முன்னால் நடக்கும். தல்மேதா மெல்லிசைக் குழுவில் வாசித்துப் பல மாவட்டம் பார்த்தவர். கோயில் பாடற்குழுவை ஒற்றைக் கிட்டாரில் தாங்கியவர். என்றாலும் திருவிழா அன்று அவருடைய இடம் கடலை வறுபடுகிற வாசனையில்தான்.

பாயை ஒட்டி நடந்தவர் ட்ரம்பெட்காரர் பிரக்காசி மச்சாது. அவர் எமரென்சியாவின் உடன்பிறந்த தமையன்.

"மாப்ளைக்கு என்ன கவலை? பசிச்சா கடலை இருக்கு பக்கத்துல" என்று ஒவ்வொரு திருவிழா முடிவிலும் மச்சாது சொல்லுவார். சொல்லிவிட்டுத் தங்கை வீட்டிலேயே சாப்பிடவும் உட்காருவார். எமரென்சியா இருவருக்கும் ஒரே அகப்பையால் பரிமாறுவாள்.

ஆனால் போன திருவிழாவில் பாய் தொங்கிப் போயிற்று. மச்சாதுவுக்கு எழுபத்தேழு வயது; சுருட்டும் உப்புக் காற்றும் நெஞ்சைத் தின்றிருந்தன. இரண்டாம் தெருவிலேயே ட்ரம்பெட் இருமியது. பாய் நனைந்த துணிபோலக் கம்பத்தில் கிடந்தது. பிறகு வந்த பருவத்தில் வலையில் சாளை மீனைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை. காரணம் எதுவென்று ஊர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மச்சாது வருகிற வழியில் பேச்சு நின்று, அவர் போனபின் தொடர்ந்தது.

இப்படியிருக்க, பங்குனி மாதத்தில் தல்மேதா கணினிக்குள்ளிருந்த ட்ரம்பெட்டை எடுத்தார்.

எடுத்த முதல் நாளே அதைக் கொல்லப் பார்த்தார். கிட்டார்க்காரனுக்கு நிறுத்தம் என்பது விருப்பம். விரல் ஓயும்வரை வாசித்துக்கொண்டே போகலாம். அவர் அவ்வாறே இடைவிடாமல் வாசித்துக்கொண்டே போனார். பாட்டின் பாதியில் ட்ரம்பெட் திணறியது, கரகரத்தது, ஒலிபெருக்கியின் துணியை நனைத்துக்கொண்டு வாய்க்கால் உடைந்ததுபோல் எச்சில் வழிந்தது, அதன்பின் எந்தச் சுரத்தை மீட்டினாலும் அது வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் அது நோயாளிபோல் பேசாமல் கிடந்தது. அவர் துணியைத் துடைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்து யோசித்தார். ஊதுகிறவன் மூச்செடுக்க வேண்டும். மூச்செடுக்க இடம் விடாதவன் வாசிக்கிறவன் அல்லன், கழுத்தை நெரிக்கிறவன்.

அதன் பிறகு அவர் உதட்டைக் குவித்து, நரம்பை மீட்டும்போது தாமும் மூச்சை விட்டு, மூச்சு தீர்ந்த இடத்தில் கையை எடுத்து, நெஞ்சை நிரப்பிக்கொண்டு மறுபடி மீட்டினார். ட்ரம்பெட் பிழைத்தது. பிழைத்தது மட்டுமன்று, பொன்போல ஒலித்தது. சாமியாரின் மூக்குக் கண்ணாடியை அதன் எதிரே பிடித்தால் பனி படர்ந்தது.

சிக்கல் முதலில் உப்பளத்திலிருந்து வந்தது. அளத்துக் கங்காணி செல்லத்துரை, வேட்டியை மடித்துக்கட்டியபடி வாசலில் நின்று கைகூப்பினார்.

"ஐயா, நீங்க குழல் வாசிச்சீங்க, காத்து வந்துச்சு, உப்பு சீக்கிரம் பூத்துச்சு, கும்பிட்டோம். இப்ப என்னமோ பித்தளை வாசிக்கியளாம். சாரல் மாதிரி அடிக்கி. பாத்தியில விளைஞ்ச உப்பு கண்ணு முன்னால கரையுது."

"எச்சில் தெறிக்காம ட்ரம்பெட் இல்ல கங்காணி."

"தெறிக்கட்டும். தெறிக்கதுக்கு முன்ன ஒரு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புங்க, ஓலை போட்டு மூடிக்கிடுதோம்."

அது எளிதில் தீர்ந்தது. பெரிய சிக்கல் மறுநாள் வந்தது. உப்பை மூடியாயிற்று என்று ஆள் வந்து சொன்னதும், தல்மேதா சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சப்பரப் பாட்டை முழுவதுமாக வாசித்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து, "மச்சாதுக்கு மூச்சு திரும்பிட்டு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மச்சாதுவோ அந்நேரம் முடிதிருத்தும் கடையில் பாதிச் சவரத்தில் இருந்தார். தம்முடைய ட்ரம்பெட் தாம் இல்லாமல் வாசிப்பதைக் கேட்டவர், ஒரு கன்னத்தில் நுரையோடு எழுந்து தங்கை வீட்டுக்கு நடந்தார்.

"ஏ எமரென்சி, ஒன் புருசன இறங்கி வரச் சொல்லு."

"அண்ணே, ஏறி வாங்க. காப்பி போட்டிருக்கேன்."

"மாடி ஏற எனக்கு மூச்சு இருந்தா நான் ஏன் கீழ நிக்கேன்? அந்த மூச்சத்தான் ஒன் புருசன் மேல வச்சு வாசிச்சுக்கிட்டு இருக்கான்."

தல்மேதா இறங்கி வந்தார். தெருவும் வந்தது.

"மச்சான், பொட்டிக்குள்ள இருக்கது என் கை. வேற ஒண்ணும் இல்ல."

"கைக்கு மூச்சு ஏதுவே? மூணாம் அடியில, மாதா பேரு முடியுமுன்ன, அரை மூச்சு ஒண்ணு எடுத்தீரே. ஒலகத்துல எவனாவது அங்க எடுப்பானா? கயித்துல அடிபட்டு எனக்கு முன்பல்லு போச்சு, அந்த ஓட்டையில காத்து ஒழுகும், அதனால நான் எடுக்க மூச்சு அது. பல்லு போனது எனக்கு. மூச்சு எப்படி ஒம்ம பொட்டிக்குள்ள வந்துச்சு?"

அந்த இடத்தில் தல்மேதா மூச்சு எடுத்தது உண்மை. ஏன் எடுத்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

"ரெண்டு வருசமா என் நெஞ்சு காலியாகுது. எங்க போகுதுன்னு தேடுனேன். இங்கதான் வந்திருக்கு" என்று சொல்லி மச்சாது இருமினார். அந்த இருமல் நீண்ட நேரம் நீடித்தது. நின்றபோது ஊரில் பாதிப்பேர் அவர் பக்கம் ஆகியிருந்தார்கள்.

வயலின் மூன்று கடலுக்கு அப்பாலிருந்து வந்திருக்கலாம், குழல் எவனுடைய குழலாகவும் இருக்கலாம், அதைப் பற்றி எவருக்கும் வழக்கில்லை. ஆனால் ஊர்க்காரன் ஒருவனுடைய மூச்சைச் சொந்த மைத்துனனே எடுத்தான் என்றால் அது களவு. ஊர்த்தலைவர் சேசையா வாஸ் கமிட்டியைக் கூட்டினார். களவு மூச்சில் விழுந்த பிசினாகவும் இருக்கக்கூடுமாதலால், தல்மேதாவின் குங்கிலியத்தால் அடைத்த எந்தக் கலமும் வழக்குத் தீருமட்டும் கடலில் இறங்கக்கூடாது. களவு மெய்யானால் பெட்டியும் கணினியும் கிட்டாரும் ஆழக்கடலில் விடப்படும். அவர் பெயர் பாடற்குழுவிலிருந்து நீக்கப்படும். திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து, கோயில் மைதானத்தில், சப்பரத்தை வெளியே எடுத்து வைத்துப் பாயின் முன்பாகவே தீர்ப்பு என்று முடிவாயிற்று. படகுகள் மணலில் வரிசையாகக் கிடந்தன. ஓடாவி சூசைமாணிக்கம் தினமும் வந்து வாசலில் நின்று, "அண்ணே, ஒம்ம மூச்சுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"என்னுது இல்லாம?" என்பார் தல்மேதா. ஆனால் நரம்பைத் தொட்டால் மூன்றாம் அடியில் விரல் தானே எழுந்து அரை மூச்சுக்கு இடம் விட்டது. வேண்டுமென்றே விடாமல் வாசித்துப் பார்த்தார், பாட்டு ஊனமாயிற்று. களவு செய்தவனுக்குத் தான் களவு செய்தது தெரியாமலும் இருக்குமோ என்று, வாழ்நாளில் முதன்முறையாக, அவர் தம்மைத் தாமே ஐயுற்றார்.

தமையன் வீட்டுக்குக் காலையும் தம் வீட்டுக்கு மாலையுமாகக் கஞ்சி சுமந்த எமரென்சியா, சனிக்கிழமை அவர் முன்னால் கும்பாவை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க பித்தளை வாசிக்கையில உங்க உதட்ட நீங்க பாத்ததில்ல. நான் படியில நின்னு பாத்திருக்கேன். நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கும். முடிஞ்சு இறங்கி வந்தா செபமாலையில பத்து மணி உருட்டுறதுக்குள்ள உங்களுக்கு இளைக்குது."

"அப்ப அது என் மூச்சுங்கியா?"

"நான் ஒண்ணுஞ் சொல்லல. எனக்கு அண்ணனும் வேணும், புருசனும் வேணும். யார் மூச்சுன்னு கண்டுபிடிக்கிறோம்னு ரெண்டு மூச்சையும் நிப்பாட்டிராதீங்க. கஞ்சியக் குடிங்க."

ஞாயிறு வந்தது. காற்று ஒரு துளியும் இல்லை. கோயில் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கிடந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அளத்தில் உப்புக் குவியல்களை ஓலையால் மூடிவிட்டுச் செல்லத்துரையும் ஆட்களோடு வந்திருந்தார். தோணிச் சப்பரம் மரச் சட்டத்தின் மேல் நின்றது, அதன் பாய் தொங்கியது. பாய்க்குப் பின்னால் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மறைக்கல்வி மேசையில் கணினி வைக்கப்பட்டது. கோயிலை ஒட்டிய சக்கிறீஸ்து அறையிலிருந்து மின்சாரம் இழுக்கப்பட்டது. தல்மேதா வெள்ளை வேட்டி உடுத்து, ரிப்பன் சுற்றிய கிட்டாரோடு, ஒரு தண்டல் தளத்தில் நிற்பதுபோல் நின்றார். மச்சாது, மினுக்கித் துடைத்த ட்ரம்பெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாயின் மறுபுறம் நாற்காலியில் இருந்தார்.

"முறைப்படி ஒரு தடவை வாசியும்" என்றார் ஊர்த்தலைவர்.

தல்மேதா வாசித்தார். மூச்செடுக்க வேண்டிய இடங்களில் எடுத்தார். பாயின் கீழ்விளிம்பு மெல்ல அசைந்து, தூங்குகிறவன் போர்வைபோல் ஏறி இறங்கியது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அதனால் யாருடைய மூச்சு என்பது தெரியவில்லை.

அப்போது மச்சாது எழுந்தார். "மாப்ள, நான் ஒண்ணு சொல்லுதேன். இப்ப இடம் விடாம வாசியும். அடிக்கு அடி நிக்காம. ஒம்ம பொட்டிக்குள்ள இருக்கது என் மூச்சுன்னா, அது தீரும்போது நான் விழுவேன். ஒம்ம மூச்சுன்னா நீரு விழும். கேக்கதுக்கு ஊர் இருக்கு."

"அண்ணே" என்றாள் எமரென்சியா.

"நீ சும்மா இரு. நான் விழுந்தா அந்த மூச்சு அவன்ட்ட இருந்துட்டுப் போகட்டும். யார்ட்டயாவது இருக்கணும்லா. பாய் தொங்கக்கூடாது."

தல்மேதா மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். அதன்பின் நரம்பில் விரலை வைத்தார்.

முதலடி போயிற்று, இரண்டாமடி போயிற்று, மூன்றாமடியில் அரை மூச்சுக்கு எழப்பார்த்த விரலை அவர் எழவிடவில்லை. பாய் வயிறு தள்ளியது, கயிறுகள் விறைத்தன, கம்பம் முனகியது. நான்காமடியில் சாரல் மைதானமெங்கும் தெறித்து முன்வரிசைப் பெண்களின் முக்காடுகள் நனைந்தன. ஐந்தாமடியில் பாய் நிறைசூலிபோல் நிறைந்து, பதினாறு பேர் சுமக்கிற சப்பரம் சட்டத்தின் மேல் தானே கிறீச்சிட்டு ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. யாரோ "மாதாவே" என்று மெதுவாகச் சொன்னார். எல்லோரும் மச்சாதுவைப் பார்த்தார்கள். மச்சாது நேராக நின்றுகொண்டிருந்தார். நெஞ்சு அதன் வழக்கப்படியே சிறிதாக ஏறி இறங்கிற்று, கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆறாமடியின் நடுவில் பொன் ஓசை தேய்ந்து நூலாகி அற்றது. அற்றபோது தல்மேதா கிட்டாரை மட்டும் கீழே படாமல் அணைத்துக்கொண்டு, உதடு நாவற்பழமாகி, முழங்காலில் விழுந்து, பிறகு மணலில் சாய்ந்தார்.

முதலில் ஓடியவர் மச்சாதுதான். மூச்சில்லாத மனிதர் அந்த மைதானத்தின் அகலத்தை ஓடிக் கடந்தார். தல்மேதாவின் தலையை மடியில் ஏந்தி, ட்ரம்பெட்டை மறுபக்கம் போட்டுவிட்டு, கடலில் முழுகி எடுத்தவனுக்குச் செய்வதுபோலத் தம்மிடமிருந்த சொற்பக் காற்றையும் அவர் வாயில் வைத்து ஊதினார். ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். தல்மேதாவின் நெஞ்சு ஏறியது.

"ஏ மாப்ள."

"மச்சான்."

"ஒம்ம மூச்சுதான்வே" என்று மச்சாது ஊர் கேட்கச் சொன்னார். "நான் சொன்னது தப்பு."

தல்மேதா எழுந்து உட்கார்ந்தார். மணலைத் தட்டினார். பெருமைக்காரர்தான், ஆனால் பெருமைக்காரர் பிறர் பொருளைத் தம்முடையதென்று சொல்லமாட்டார்.

"மூச்சு என்னுது. ஆனா மூச்சை எங்க எடுக்கணுங்கது உங்களுது மச்சான். கடலை வண்டிக்குப் பக்கத்துல நடந்துக்கிட்டே இத்தனை வருசமும் உங்க மூச்சத்தான் கேட்டுக்கிட்டு வந்திருக்கேன். பல்லு போன இடம் என் விரல்ல ஏறிட்டு. அது எனக்கே இப்பத்தான் தெரியுது."

மச்சாது மணலில் கிடந்த ட்ரம்பெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்தார்.

"அவ்வளவு பின்னால கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"வண்டிக்காரன் சட்டியப் போட்டு உருட்டுவானே."

"அதையும் மீறித்தான் கேட்டுச்சு."

"அப்ப இந்த வருசம் நீரு பாய்க்குப் பின்னால நடந்து வாசியும். நானும் பக்கத்துல வாரேன். மூணாம் அடியில விரலத் தூக்கிக் காட்டுதேன். ஊருக்குப் பழக்கம் விட்டுப் போகாம இருக்கட்டும்."

இதைக் கேட்ட கமிட்டியார் தனியே போய்ப் பேச வேண்டியிருந்தது. ஏனெனில் மச்சாதுவின் விருப்பத்தால் மட்டும் தோணி மாதாவின் முறை மாறிவிடாது. மீட்டுகிற வாத்தியம் மீட்டுகிற வாத்தியம்தானே என்றார் ஒருவர். மீட்டி எவன் மூச்சற்று விழுந்திருக்கிறான் என்றார் மற்றொருவர். சப்பரம் நகர்ந்த இடத்தை ஓடாவி சூசைமாணிக்கம் சாண் வைத்துக் காட்டினார். என் உப்பைக் கேளுங்கள், அது ஊதுகிற வாத்தியம் என்று உப்பு சொல்லும் என்றார் செல்லத்துரை. இறுதியில் ஊர்த்தலைவர் படியேறி நின்று, கீழத் தெரு லூக்காஸ் எஸ்தாக்கி தல்மேதாவின் கையிலுள்ள கிட்டார் ஊதுகிற வாத்தியமே என்றும், அதன் இடம் பாயை ஒட்டிய முதல் இடமே என்றும், கரையில் நிற்கிற கலங்களெல்லாம் இன்றே இறங்கலாம் என்றும் சொன்னார்.

"பின்னால நிக்கவங்களுக்குக் கேக்கல தலைவரே" என்றார் தல்மேதா.

ஊர்த்தலைவர் கடலை வண்டிக்காரனுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.

மே மாத முதல் சனிக்கிழமை, காற்றில்லாத மாலையில், பாய் நிறைந்த சப்பரம் நான்கு தெருவும் சுற்றி நிலைக்கு வந்தது. பாயை ஒட்டி, கிட்டார் மார்பில் தொங்க, உதட்டைக் குவித்துக்கொண்டு ஒருவர் நடந்தார். அவர் பக்கத்தில் ஓசையற்ற ட்ரம்பெட்டை ஒரு கையில் ஏந்தி, மறுகையின் சுட்டுவிரலை மூன்றாம் அடிதோறும் உயர்த்திக்கொண்டு இன்னொருவர் நடந்தார். இருவருக்கும் பின்னால், முறைப்படி அங்கே இடமில்லாத எமரென்சியா, செம்பு நிறையச் சுக்குத் தண்ணீரோடு நடந்தாள். அவளை விலகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அன்று உப்பளம் முழுவதும் ஓலை போட்டு மூடியிருந்தது.

இன்றும் கிளாத்தித்துறைச் சிறுவர்களிடம் ஊதுகிற வாத்தியங்கள் எவை என்று கேட்டால் சங்கு, குழல், ட்ரம்பெட், கிட்டார் என்று சொல்லுவார்கள். வெளியூர் ஆசிரியர்கள் திருத்தினால் பணிவாகக் கேட்டுக்கொண்டு, மறுபடி அப்படியே சொல்லுவார்கள். அது அவர்கள் பிழையன்று. அந்தக் காரியம் ஏவிளம்பி ஆண்டு சித்திரைத் திங்கள் பதினேழாம் நாளாகிய இரண்டாயிரத்துப் பதினேழு ஏப்ரல் முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் தீர்ந்துபோன காரியம்.